ஸ்போர்ட் பட்டனும் ரோஸ்லினின் மூன்றடுக்குக் கேக்கும்

கியர் பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. ஸ்போர்ட் என்று எழுதியிருக்கும். ஹோட்டலின் வண்டிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும், சாவி கைக்கு வந்த முதல் நாளே அதை அழுத்திப் பார்த்திருப்பீர்கள். இல்லை என்று தலையாட்ட வேண்டாம், நானும் டிரைவர்தான். நான் அதை முதல் தடவை அழுத்தியது மாரியம்மன் முன்னிலையில், தேயிலைத் தோட்டமே கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது. நான் ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. ஹப்புத்தளைக் கடைத்தெருவில் அதைச் சொல்லிச் சிரிக்க இன்னும் ஆள் இருக்கிறது.

புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மெனேஜர் கேட்டார். எண்ணெய் மாற்றுவது, டயருக்குக் காற்றடிப்பது பற்றியெல்லாம் எழுத மாட்டேன், அதெல்லாம் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்தப் புத்தகத்தில் இல்லாத விஷயத்தை எழுதுகிறேன். அந்தப் பட்டனால் நான் பட்ட வெட்கம், பிறகு அதை எனக்குப் புரியவைத்த ஒரு பெண், கடைசியில் ரோஸ்லின் என்ற இன்னொரு பெண்ணின் பிழைப்பே அந்தப் பட்டனை நம்பி நின்ற ஒரு காலைப்பொழுது. இவ்வளவுதான் கதை.

இந்த ஹோட்டல் முன்பு தோட்டத்துத் தொரை பங்களாவாக இருந்தது உங்களுக்குத் தெரியும். அது ஹோட்டலாக மாறியபோது, தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு வெள்ளைச் சட்டையும் கறுப்புச் சப்பாத்தும் கொடுத்தார்கள். முதலில் ஒரு பழைய வேன். பிறகு கம்பெனி இந்தச் சொகுசு ஜீப்பை வாங்கியது. உருவம் சின்னது, விலை பெரியது. உள்ளே உட்கார்ந்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு கூச்சம் வரும்.

புது வண்டி வந்தால் முதலில் தோட்டத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவது நம் வழக்கம். யார் வாங்கினாலும் சரி, அம்மன் பார்க்காமல் வண்டி வேலைக்கு இறங்காது. பூசாரி நான்கு டயருக்கும் அடியில் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைப்பார், தேங்காய் உடைப்பார், சூடம் காட்டுவார். டிரைவர் வண்டியை மெதுவாக முன்னால் நகர்த்தி, நான்கு பழத்தையும் நசுக்க வேண்டும். ஒரு முழம் நகர்ந்தால் போதும்.

அந்த ஒரு முழத்தை ஒழுங்காக நகர்த்தியிருந்தால் என் மரியாதை தப்பியிருக்கும். ஊரே பார்க்கிறதே, கொஞ்சம் கம்பீரமாக உறுமட்டுமே என்று நினைத்து அந்தப் பட்டனை அழுத்தினேன். வண்டி நன்றாகவே உறுமியது. பிறகு எக்ஸிலேட்டரை மிதித்தேன். எப்படி மிதித்தேன் என்பதுதான் முக்கியம். என் கால் பல வருடம் லொறியில் வேலை பார்த்த கால். அந்த லொறியில் பாதி மிதித்தால்தான் வண்டிக்குக் காது கேட்கும். அதே பாதியை இங்கேயும் மிதித்தேன். வண்டி நான்கு பழத்தையும் தாண்டிப் பாய்ந்து, நான் பிரேக்கில் ஏறி நின்றபோது, கோயில் படிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பூசாரி எரிகிற சூடத் தட்டோடு பக்கத்தில் இருந்த வடிகானுக்குள் குதித்திருந்தார். தட்டைக் கீழே போடவில்லை, அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். பாதி நசுங்கிய பழம் ஒன்று தெறித்துப் போய் மெனேஜரின் வெள்ளைக் கால்சட்டையில் பட்டது.

யாருக்கும் அடிபடவில்லை, அம்மன் காப்பாற்றினாள். மெனேஜர் ஹோட்டலுக்கு வந்ததும் முதலுதவிப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டரை எடுத்து, அந்தப் பட்டனின் மேல் தன் கையாலேயே ஒட்டினார். இரண்டு வருடம் அந்தப் பிளாஸ்டர் அங்கேயே இருந்தது. நானும் அந்தப் பட்டனை ஏதோ பாம்புப் புற்று போல நினைத்து, கைகூடப் படாமல் ஓட்டினேன். என் தப்பைப் பட்டனின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். இதை உங்களிடம் ஒளிக்க எனக்கு விருப்பமில்லை.

அந்தப் பிளாஸ்டரை எடுத்தது ஒரு பெண்பிள்ளை. வண்டி விற்ற கம்பெனியிலிருந்து வருடத்துக்கொரு தடவை ஆள் வந்து பரிசோதிப்பார்கள். அந்த வருடம் கொழும்பிலிருந்து அவள் வந்தாள். என் மகளைவிட வயதில் சின்னவள். நீல நிற மேலங்கி, கையில் ஒரு சின்னக் கணினி. வண்டிக்குள் எட்டிப் பார்த்தவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அங்கிள், இதுக்கு என்ன காயம்?" என்று கேட்டாள்.

நான் கோயில் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவள் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஹப்புத்தளையிலிருந்து தியத்தலாவைப் பக்கம் போகும் ரோட்டில் ஒரு மணித்தியாலம் ஓட்டச் சொன்னாள். எக்ஸிலேட்டரை ஒரு ரூபாய்க் குத்திக் காசின் கனம் அளவு மட்டும் மிதியுங்கள் என்றாள். சாதாரண நிலையில் வண்டி நடந்தது. பட்டனை அழுத்திவிட்டு அதே கனம் மிதித்தபோது ஓடியது. பிறகு ஆள் இல்லாத ஏற்றம் ஒன்றில் இரண்டு நிலையிலும் தரையோடு மிதிக்கச் சொன்னாள். இரண்டு தடவையும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் ஏறியது.

"வண்டிக்குப் பலம் கூடல்ல அங்கிள். நீங்க சொல்றதுக்கு அது பதில் சொல்ற வேகம்தான் கூடுது," என்றாள்.

அதுவரை எனக்கு இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை. மற்றதையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஸ்டியரிங் கனத்துப்போகும், அதனால் கை நடுங்கினாலும் சக்கரம் நடுங்காது. டயருக்கு மேலே இருக்கும் அதிர்வுதாங்கி இறுகும், வளைவில் வண்டி குறைவாகச் சாயும், ஆனால் குழியில் விழுந்தால் இடுப்பு சொல்லும். கியர் சீக்கிரம் மேலே போகாது. இறக்கத்தில் கீழ்க் கியரிலேயே நின்று எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். டயர் வழுக்கும்போது வண்டி தானாகவே தன்னைப் பிடித்துக்கொள்ளும் வேலை, சில வண்டிகளில், இந்த நிலையில் கொஞ்சம் தாமதமாகத்தான் நடக்கும், ஆகவே மழை நேரத்தில் உங்கள் கால்தான் காவல் என்றாள்.

பிறகு பிளாஸ்டரை உரித்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டாள். அவள் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று வாரம், விருந்தினரை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும் நேரமெல்லாம் பட்டனைப் போட்டு என் காலுக்குப் பாடம் நடத்தினேன். காலுக்குப் படிப்பு மெதுவாகத்தான் ஏறும்.

இனி ரோஸ்லின். நம் ஹோட்டலுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. நத்தார் பண்டிகைக்குக் கேக் செய்யத் தொடங்கி, பிறகு பிறந்தநாளுக்குச் செய்து, பண்டாரவளையில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து அடுப்பும் வைத்துவிட்டாள். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் நம் கம்பெனிக்கு இன்னொரு பங்களா இருக்கிறது அல்லவா, கல்யாணங்கள் நடக்கும் இடம். அதைப் பார்த்துக்கொள்ளும் மேடம் ரோஸ்லினுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். இந்த ஒரு கல்யாணத்தின் கேக் ஒழுங்காக வந்து நின்றால், இனி அங்கே நடக்கும் எல்லாக் கல்யாணத்துக்கும் கேக் அவளுடையது. இல்லையென்றால் வழக்கம்போல கொழும்பிலிருந்து வரும்.

ரோஸ்லின் என்ன செய்தாள் தெரியுமா? கேக்கை அடுப்பில் வைப்பதற்கு முன்பே பிள்ளைக் காம்பரா வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டாள். துணிச்சலா அவசரமா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. கேக் விழுந்தால் இந்த வேலையும் இல்லை, அந்த வேலையும் இல்லை.

நம் பக்கத்துக் கல்யாணக் கேக்கில் கீழ் அடுக்கெல்லாம் பெட்டிக்குள் வைக்கும் வெள்ளை ரிஜிஃபோம், மேலே ஐசிங் பூசியிருக்கும். கீழே போட்டு உருட்டினாலும் ஒன்றும் ஆகாது. இந்தக் கல்யாணப் பெண் வெளிநாட்டிலிருந்து வந்தவள். மூன்று அடுக்கும் உண்மைக் கேக்காக, பட்டர் ஐசிங்கோடு வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அடுக்குகளைத் தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கே வைத்து அடுக்குவதுதான் முறை. தெரியாத குசினியில் நாலு பேர் பார்க்க நின்று அடுக்கினால் கை நடுங்கும் என்று பயந்து, ரோஸ்லின் பண்டாரவளை அறையிலேயே அடுக்கி முடித்துவிட்டாள். ஊர் பார்க்கிறதே என்று நான் பட்டனை அழுத்தியவன், ஊர் பார்க்குமே என்று அவள் முன்கூட்டியே அடுக்கியவள். அதனால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்யாணம் நம் கம்பெனியின் பங்களாவில் என்பதால், கேக்கைக் கொண்டுபோக நம் ஜீப்பையே கொடுத்தார்கள். பின் சீட்டின் ஒரு பாதியை மடித்து, வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டு, கேக் பலகையை வைத்தோம். மறுபாதியில் ரோஸ்லின் உட்கார்ந்து பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். பதினொரு மணிக்குக் கேக் மேசையில் இருக்க வேண்டும். ஹப்புத்தளை வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. அதைத் தாண்டி பெரகலைக்கு இறங்கத் தொடங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. பனிமூட்டம் வேறு. சாதாரண நிலையில் இந்த வண்டி எண்ணெயைச் சேமிக்கப் பார்க்கும், சீக்கிரமாக மேல் கியருக்குப் போய் இறக்கத்தில் தளர்ந்து ஓடும். நான் ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் பிடிக்க வேண்டும். பிடித்தால் மூக்கு குனிகிறது, திருப்பினால் உடம்பு சாய்கிறது. நாலாவது வளைவில் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"அண்ணே, சாயுது. கேக்கு சாயுது."

பெரகலைச் சந்தியில் தேநீர்க் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். நடு அடுக்கின் ஐசிங்கில் ஒரு வெடிப்பு, நகக்கீறல் அளவுக்கு. மேல் அடுக்கு ஒரு விரற்கடை சரிந்திருந்தது. இதற்குமேல் இறக்கம் இன்னும் செங்குத்து. ரோஸ்லினின் முகத்தில் இரத்தமே இல்லை.

கியரை மட்டும் பிடித்து வைப்பதென்றால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பிடிகளால் கையாலேயே செய்யலாம். எனக்கு அது போதாது, சாய்வும் குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது அந்தப் பட்டனில்தான். ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோயில்ல நானும் நின்னேன் அண்ணே. அந்தப் பட்டன அழுத்துனீங்கன்னா, நான் கேக்கத் தூக்கிக்கிட்டு நடந்தே போயிருவேன்."

"அது வேகத்துக்கு இல்ல ரோஸ்லின். எறக்கத்துல கியர விடாமப் புடிச்சிக்கிரும். வளைவுல வண்டி சாயாது. மெதுவாப் போறதுக்குத்தான் கேக்குறேன்."

"அன்னைக்கும் மெதுவாத்தானே போகப் பாத்தீங்க?"

உள்ளதைச் சொல்வது ஒன்றுதான் மிச்சம். "அன்னைக்கித் தப்பு பட்டன்ல இல்ல. என் காலுல," என்றேன். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைப் பெரகலைச் சந்தியில் சொன்னேன். சொல்லிவிட்டு, தடித்த ஹோட்டல் சப்பாத்தைக் கழற்றிக் காலடியில் படாமல் பக்கத்து முன் சீட்டில் போட்டேன். மிதியை உள்ளங்காலால் உணர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் இதைச் செய்ய வேண்டாம், மெல்லிய அடி உள்ள சப்பாத்து வாங்குங்கள்.

ரோஸ்லின் என் காலைப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, சரிந்த அடுக்கை இரண்டு கையாலும் நிமிர்த்தி வைத்து, பலகையைப் பிடித்தாள். "சரி, போங்க. விழுந்துச்சின்னா நாளைக்கிக் காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு ஒங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன். ரெண்டு பேருமாக் கொழுந்து பறிப்போம்," என்றாள்.

பட்டனை அழுத்தினேன். குத்தியின் கனத்தில் பாதிதான் மிதித்தேன். வண்டி கீழ்க் கியரைப் பிடித்துக்கொண்டு உறுமியபடி இறங்கியது. உறுமல் பந்தயக் கார் மாதிரி, போன வேகம் மாட்டு வண்டி மாதிரி. பிரேக்கில் கால் வைக்க வேண்டிய தேவை அனேகமாக இல்லை. வளைவில் உடம்பு நிமிர்ந்தே திரும்பியது. ஸ்டியரிங் கனமாக இருந்ததால் என் கை நடுக்கம் சக்கரத்துக்குப் போகவில்லை. பின்னால் வந்த பஸ் ஒன்று ஹார்ன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டியது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "அய்யா, சத்தம் மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ரோஸ்லின் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

மீரியபெத்த பக்கம் திரும்பும் இடம் வந்தபோது இருவரும் பேச்சை நிறுத்தினோம். அங்கே நான் ஹார்ன் அடிப்பதில்லை. மண்சரிவில் மண்ணுக்குள் போன லயங்களில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில், எங்கள் இருவருக்கும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதைத் தாண்டிய பிறகுதான் ரோஸ்லின், கேக் அசையவே இல்லை அண்ணே என்று மெதுவாகச் சொன்னாள்.

என் தப்பு அதற்கு அடுத்த கால் மணித்தியாலத்தில்தான் வந்தது. இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். கேக் அசையவில்லை என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் போன மரியாதை வட்டியோடு திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. அந்த மிதப்பிலேயே பெரிய ரோட்டை விட்டுப் பங்களாவுக்குப் போகும் தோட்டத்து ரோட்டில் திருப்பினேன். கார்ப்பெட் போட்ட தார் முடிந்து குழி தொடங்கியது. பட்டனை எடுக்க, அதாவது ஸ்போர்ட்டை அணைக்க, மறந்துவிட்டேன். இறுகிய அதிர்வுதாங்கியோடு முதல் குழியில் விழுந்தோம். வண்டி முழுதும் மடார் என்று உதறியது. நடு அடுக்கிலிருந்து ஒரு சீனி ரோஜாவும், அது ஒட்டியிருந்த ஐசிங் துண்டும் கழன்று விழுந்தன.

ரோஸ்லின் குனிந்து, நொறுங்கிய ரோஜாவைப் பொறுக்கி மடியில் வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டனை எடுத்தேன், வண்டி மெத்தென்று ஆனது, ஆனால் காலம் கடந்துவிட்டது. உள்ளங்கையளவு பள்ளம் ஒன்று கேக்கில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அசடு வழிய, ரோட்டோரத் தேயிலைச் செடியைக் காட்டி, நாலு கொழுந்து பறித்து அந்த இடத்தில் செருகினால் அழகாக இருக்குமே என்றேன்.

"அது மருந்தடிச்ச மலை. கல்யாணத்துக்கு வந்தவங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பாக்குறீங்களா?" என்றாள். கோபத்திலும் கண்ணில் தண்ணீர் நின்றது.

மீதித் தூரத்தை மெத்தென்ற நிலையில் குழி குழியாக ஏறி இறங்கி முடித்தோம். பத்தே முக்காலுக்குக் கேக் மேசையில் இருந்தது. பள்ளம் விழுந்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தாள் ரோஸ்லின். முன்னாலிருந்து பார்த்தால் குறையே தெரியவில்லை. நானும் அப்படியே போய்விடும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

மேடம் வந்தார். முன்னால் நின்று பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், பிறகு சுவருக்கும் மேசைக்கும் நடுவே புகுந்து பின்னாலும் பார்த்தார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். ரோஸ்லின் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். அது அவள் செய்த குறை இல்லை, நான் விழுத்தாட்டிய பள்ளம் என்றேன். ரோட்டு மாறியும் பட்டனை எடுக்க மறந்ததைச் சொன்னேன். வெறுங்காலோடு நின்று சொன்னேன், சப்பாத்து வண்டியிலேயே கிடந்தது. தப்பை இரண்டு வருடம் சுமந்து பார்த்தவன் நான். இன்னொன்றைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

மேடம் என் காலைப் பார்த்தார். குனிந்து, மேசை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து மூன்று அடுக்கையும் பார்த்தார். நேராக நின்றன. கொழும்பிலிருந்து வரும் கேக்குகள் தனித்தனி அடுக்காக வந்து இங்கேதான் அடுக்கப்படும், அப்படியும் ஒன்றிரண்டு சரிந்திருக்கின்றன, பெரகலை இறக்கத்தில் மூன்றடுக்கும் ஒன்றாக நின்று வந்ததை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அடுத்த மாதக் கல்யாணத்துக்கும் நீயே செய், ஆனால் கொண்டுவருவது இதே டிரைவராக இருக்க வேண்டும் என்றார்.

நான் ரோஸ்லினைத் திரும்பிப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடத்துக்குத் தன் பக்க நிபந்தனையைச் சொன்னாள்.

"டிரைவரு அவரே இருக்கட்டும் மேடம். ஆனா அந்தப் பட்டன எப்பப் போடணும், எப்ப எடுக்கணும்னு நாந்தான் சொல்லுவேன்."

நான் ஓய்வுபெறும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது. ரோஸ்லினுக்கு இன்றுவரை லைசென்ஸ் கிடையாது. ஆனால் அவள் சொன்னது ஒரு தடவைகூடப் பிழையாகவில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவள் கை கேக் பலகையில் இருக்கிறது. ரோட்டு மாறுவது என் காலுக்குத் தெரிவதற்கு முன்பே அவள் கைக்குத் தெரிந்துவிடும். நமக்கு அந்தப் பட்டனைப் போடும்போது ஒரு சந்தோஷம் வரும். எடுக்க வேண்டிய நேரம் வரும்போது அந்தச் சந்தோஷம்தான் கண்ணை மறைக்கிறது. பின்னால் இருப்பவருக்கு அந்தச் சந்தோஷம் இல்லை, அதனால் கண் நன்றாகத் தெரிகிறது.

இந்தச் சனிக்கிழமையும் கொஸ்லந்தைப் பங்களாவில் ஒரு கல்யாணம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கேக் இந்தத் தடவை நாலு அடுக்காம். உங்களில் யாரோ ஒருவர்தான் ஓட்டப்போகிறீர்கள். பின் சீட்டிலிருந்து "இப்ப எடுங்க" என்று ஒரு குரல் வந்தால், ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள்.